ஸ்கூபா டைவிங் தொடங்க உண்மையில் எவ்வளவு ஆகும்?

கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். கேட்டவர் கோவையில் வேலை பார்க்கிறார், முப்பதை நெருங்கும் வயது, நீச்சல் ஓரளவு வரும், கண்ணாடி அணிபவர். சிலிண்டரில் காற்றைச் சுமந்துகொண்டு கடலுக்கடியில் மூழ்கும் ஸ்கூபாவைக் கற்க ஆசை. முப்பதாயிரத்தில் முடிந்துவிடும் என்கிறாராம் ஒரு நண்பர். ஒன்றரை லட்சம் இல்லாமல் அந்தப் பக்கமே போகாதே என்கிறாராம் இன்னொருவர். யார் சொல்வது சரி, கருவிகளைச் சொந்தமாக வாங்க வேண்டுமா, எங்கே கற்றால் மலிவு?

இருவரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் பயிற்சிக் கட்டணத்தை மட்டும் சொல்கிறார். இரண்டாமவர் கடையில் விற்கும் கருவிகளையெல்லாம் சேர்த்துச் சொல்கிறார். உங்கள் கையிலிருந்து போகப்போகும் தொகை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. புதுச்சேரியில் கற்றால் 40,000 முதல் 45,000 ரூபாய், அந்தமானில் கற்றால் 65,000 முதல் 75,000 ரூபாய். இதில் பயணம், அறை, சாப்பாடு எல்லாம் அடக்கம். கருவி எதையும் சொந்தமாக வாங்கும் செலவு அடக்கமில்லை. இங்கே நான் தரும் தொகைகள் எல்லாமே தோராயமானவை. பருவத்துக்கும் மையத்துக்கும் ஏற்ப மாறும் என்பதால், முன்பணம் கட்டும் முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கூபா என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சரக்கை விற்கிறார்கள். குழப்பம் பாதி அங்கேதான் தொடங்குகிறது. சுற்றுலாப் பயணிகள் செய்வது அறிமுக டைவ். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பயிற்றுநர் உங்கள் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்தபடியே கீழே அழைத்துப் போவார். ஆழம் 12 மீட்டருக்கு மேல் கிடையாது, சான்றிதழும் கிடையாது. அந்தமானில் 4,000 முதல் 6,500 ரூபாய் வரை கேட்கிறார்கள்; புதுச்சேரியில் சற்றுக் கூடுதல். கோவாவில் 2,000 ரூபாய்க்கும் கிடைக்கும், வாழைப்பழப் படகு சவாரியோடு சேர்த்து. அந்த விலைக்கு ஒரு பெரிய படகில் கூட்டமாக அழைத்துப் போய், ஆளுக்குச் சில நிமிடங்கள் தண்ணீருக்குள் வைத்து, ஒரு வீடியோ எடுத்துக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். விடுமுறைக் கொண்டாட்டமாக அது போதும் என்றால் சரி. கற்கும் எண்ணம் இருப்பவருக்கு அது எந்த விதத்திலும் அளவுகோல் ஆகாது.

கற்பவருக்கு உரியது 'ஓப்பன் வாட்டர்' பயிற்சி. பேடி, எஸ்.எஸ்.ஐ. என்ற இரண்டு நிறுவனங்களின் சான்றிதழ்கள்தான் நம் பக்கம் அதிகம் புழங்குகின்றன. எதை வாங்கினாலும் உலகம் முழுவதும் செல்லும். அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முடித்தவர் 18 மீட்டர் வரை, தன்னைப் போலவே சான்றிதழ் பெற்ற ஒரு துணையோடு இறங்கலாம். இதற்கும் அறிமுக டைவுக்கும் நடுவே 'ஸ்கூபா டைவர்' என்று அரைப் பயிற்சி ஒன்று இருக்கிறது. 12 மீட்டர், அதுவும் தொழில்முறை டைவர் ஒருவரின் மேற்பார்வையில் மட்டும். நாள் பற்றாதவர்களுக்கு என்று சொல்லி விற்பார்கள். கட்டணத்தில் பெரிய மிச்சம் இல்லை. நான் யாருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அறிமுக டைவ் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டுப் பயிற்சியில் சேரலாமா என்று நிறைய பேர் கேட்பார்கள். தண்ணீரைக் கண்டால் உள்ளூரப் பயம் இருப்பவர்கள் செய்து பார்க்கலாம்; பின்வாங்க நேர்ந்தாலும் ஐயாயிரத்தோடு போகும். நீச்சல் பழக்கம் உள்ள உங்களைப் போன்றவருக்கு அது தேவையில்லை. எப்படியும் பயிற்சியின் முதல் நாள் நீச்சல் குளத்திலோ ஆழமற்ற கடலோரத்திலோதான் நடக்கும், உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். செய்து பார்த்தே தீருவேன் என்றால், அதே மையத்தில் பயிற்சியில் சேர்ந்தால் அந்த டைவைக் கணக்கில் எடுத்துக்கொள்வீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் எடுத்துக்கொள்வார்கள்.

பயிற்சிக் கட்டணம் இந்தியாவில் பெரும்பாலும் 28,000 முதல் 38,000 ரூபாய்க்குள் இருக்கிறது. பாடம், குளத்திலோ கரையோரத்திலோ ஐந்து கட்டப் பயிற்சிகள், குறைந்தது இரண்டு நாட்களில் பரவிய நான்கு கடல் டைவ்கள், இவ்வளவும் அதில் அடக்கம். பாடத்தை இப்போது இணையத்திலேயே படித்துவிடலாம். வீட்டிலேயே படித்து முடித்துவிட்டுப் போனால் தீவில் ஒரு நாள் அறை வாடகை மிச்சமாகும். சோம்பல்பட்டு அங்கே போய்ப் படிப்பவர்கள், எதிரே நீலக் கடல் கிடக்க, அறையில் உட்கார்ந்து வினாத்தாளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மையங்களின் கட்டணத்தை ஒப்பிடும்போது எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். சான்றிதழுக்கும் இணையப் பாடத்துக்கும் உரிய கட்டணம் உள்ளே இருக்கிறதா, தனியா? நான்கு கடல் டைவ்களும் படகிலிருந்தா, கரையிலிருந்தா? ஒரு திறனை மறுபடி செய்ய வேண்டியிருந்தால் கூடுதல் நாளுக்குப் பணம் கேட்பீர்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்? பேடி விதிப்படி கடலில் எட்டுப் பேர் வரை ஒருவர் அழைத்துப் போகலாம். நான்கு பேருக்கு மேல் ஏற்றும் இடத்தைத் தவிர்ப்பேன், நாலாயிரம் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தாலும்.

ஏன் என்று ஓர் உதாரணம். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க்குக்குள் தண்ணீரை நிரப்பி, பிறகு வெளியேற்றும் பயிற்சி ஒன்று உண்டு. முழங்கால் ஊன்றி உட்கார வைப்பார்கள். மாஸ்க்கின் மேல் விளிம்பைச் சற்றே நெகிழ்த்தினால் தண்ணீர் கண் மட்டத்துக்கு ஏறும், மூக்கு நனையும். வாயால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டே நிதானமாக இருந்து, பின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, அண்ணாந்து பார்த்தபடி மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ் வழியாக வெளியேறிவிடும். செய்து பழகியவருக்கு ஐந்து நொடி வேலை. ஆனால் முதல் முறை மூக்கில் தண்ணீர் பட்டதுமே உடம்பு மேலே பாயப் பார்க்கும். பத்தில் இரண்டு பேராவது இங்கே திணறுவார்கள். எட்டுப் பேர் வரிசையில் காத்திருக்கும்போது பயிற்றுநர் அந்த இருவரையும் எப்படியோ ஒருமுறை செய்ய வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். நான்கு பேர் என்றால் அரை மணி நேரம் அவர்களோடு உட்கார முடியும். கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்த அரை மணி நேரத்துக்கு.

இனி இடக் கணக்கு. அந்தமான் என்றால் பெரும்பாலும் ஹேவ்லாக், இப்போது ஸ்வராஜ் தீவு. பயிற்சிக்கு 32,000 என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) போய்வர, முன்கூட்டி எடுத்தால் 12,000 சொச்சம். கோவையிலிருந்து சென்னைக்கு ரயில் தனி. ஹேவ்லாக் படகுக்குப் போகவர 3,000. அரசுக் கப்பலில் இடம் கிடைத்தால் இதில் கணிசமாகக் குறையும், ஆனால் கிடைப்பது உங்கள் யோகத்தைப் பொறுத்தது. ஆறு இரவுகள் 2,000 வீதம் 12,000. சாப்பாடும் உள்ளூர் அலைச்சலும் எட்டாயிரம். கூட்டிப் பார்த்தால் எழுபதாயிரத்தைத் தொட்டு நிற்கும். தீவில் எல்லாமே கப்பலில் வந்து இறங்குவதால் சாப்பாட்டு விலை கோவை விலையாக இருக்காது.

புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய்வரலாம். நான்கு இரவு அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் மொத்தம் 45,000 தாண்டாது. எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்றால், தெளிவை. அந்தமானில் நல்ல பருவத்தில் இருபது மீட்டர் தூரத்தில் போகும் மீனைப் பார்க்கலாம். வங்கக் கடலின் இந்தக் கரையில் ஒரு நாள் பளிங்காக இருக்கும், மறுநாள் கலங்கிக் கிடக்கும். பவளப்பாறை வளமும் அந்தமானோடு ஒப்பிடத் தக்கதல்ல. கடலும் ஓயாமல் ஆடும், படகிலேயே வாந்தி எடுப்பவர்கள் உண்டு. ஆனால் கலங்கிய நீரிலும் ஆட்டத்திலும் கற்றவர்கள் பிறகு எந்தக் கடலிலும் பதறுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் அங்கே திட்டமிடாதீர்கள். வானிலை காரணமாகப் படகு போகாவிட்டால் அறை வாடகை உங்கள் தலையில்.

கோவைக்காரருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கர்நாடகத்தில் முருதேஸ்வரை ஒட்டிய நேத்ராணி தீவு. கொங்கண் ரயில் பாதையிலேயே நிலையம் இருக்கிறது, கடலும் புதுச்சேரியைவிடப் பெரும்பாலும் தெளிவு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மூடிவிடுவார்கள். செலவு புதுச்சேரிக் கணக்கையொட்டித்தான் வரும். லட்சத்தீவு அழகு, ஆனால் அனுமதிச் சீட்டு, விமானம், தங்குமிடம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். தொடங்குபவருக்கு வேண்டாம்.

வெளிநாடு மலிவு என்ற பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. தாய்லாந்தின் கோ தாவ் தீவு உலகத்திலேயே மிக அதிகமானவர்கள் கற்கும் இடங்களில் ஒன்று. போட்டி காரணமாக 10,000 முதல் 12,000 பாட்டுக்குப் பயிற்சி கிடைக்கிறது, சில பள்ளிகள் அறையையும் சேர்த்தே தருகின்றன. ஆனால் பாங்காக் வரை விமானம், அங்கிருந்து பஸ்ஸும் படகும் என்று கூட்டினால் அந்தமான் கணக்குக்கு மேலேதான் நிற்கும். எப்படியும் தாய்லாந்து போவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். இலங்கையை நான் சற்று முன்னால் வைப்பேன். மே முதல் செப்டம்பர் வரை, நம் பக்கத்துப் பல இடங்களில் மழையும் கொந்தளிப்புமாக இருக்கும் மாதங்களில், திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். புறாத்தீவுப் பகுதியில் தொடக்கப் பயிற்சிக்கு ஏற்ற ஆழமற்ற பாறைகள் இருக்கின்றன. பூங்கா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்குத் தனி, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திட்டமிடும்போது பலர் விட்டுவிடும் ஒரு செலவு, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே விட வேண்டிய நேரம். ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் நாம் இழுக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்குகிறது. மேலே வந்த பிறகும் அது மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், கேபினில் அழுத்தம் குறைவதால் அது குமிழ்களாகி மூட்டு வலியில் தொடங்கி கைகால் செயலிழப்பு வரை கொண்டுபோய் விடலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாட்கள் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நெறி. 24 மணி நேரம் விடுங்கள் என்பதே பெரும்பாலான பயிற்றுநர்களின் பேச்சு, என் பேச்சும் அதுதான். ஆகவே ஓர் இரவு வாடகையைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளில் போர்ட் பிளேர் வந்து செல்லுலார் சிறையைப் பார்த்துவிடலாம்.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று நீச்சல். தேர்வு கடினமில்லை: 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், நேர வரம்பு இல்லை; பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். 'ஓரளவு வரும்' என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளூர்க் குளத்தில் இரண்டு மாதம் போய்ப் பழகுங்கள். சில ஆயிரங்களில் முடியும். இரண்டாவது மருத்துவம். ஒரு படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை போன்ற எதற்காவது 'ஆம்' என்று குறித்தால் மருத்துவர் கையொப்பம் இல்லாமல் இறங்க விட மாட்டார்கள். தீவுக்குப் போய் இறங்கிய பிறகு இது தெரியவந்தால் விமானச் செலவு வீண். படிவத்தை இப்போதே இணையத்தில் எடுத்துப் படித்து, தேவையானால் ஊரிலேயே மருத்துவரைப் பாருங்கள். சளி பிடித்திருந்தாலும் காதின் உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகாது, இறங்க முடியாது. அதற்கென்று பயணத்தில் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிக்கு வருவோம். பி.சி.டி. என்னும் காற்று அங்கி, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர், குளிர் தாங்கும் வெட்சூட் உடை, காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ், டைவ் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்துத் தொடக்க நிலைத் தரத்திலேயே ஒரு லட்சத்துக்குக் குறையாது. பெரும்பாலும் இறக்குமதி என்பதால் வரியும் சேரும். சொந்தக் கருவி கொண்டுபோனால் மையங்கள் கட்டணத்தில் ஒரு நாளுக்கு 500 முதல் 1,000 ரூபாய் வரை குறைத்துக்கொள்ளும். தாராளமாக ஆயிரம் என்றே வையுங்கள். 1,20,000 ரூபாய் போட்ட கருவிக்கு ஈடுகட்ட நூற்றிருபது நாட்கள் கடலில் இறங்க வேண்டும். ஊரில் வேலை பார்த்துக்கொண்டு ஆண்டுக்கு ஆறு நாள் இறங்குபவருக்கு அது இருபது ஆண்டு. இதற்கிடையே ரெகுலேட்டரை ஆண்டுதோறும் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும், ரப்பர் பாகங்கள் பெட்டியிலேயே கிடந்து கெடும். இன்னொன்று, முழுத் தொகுப்பின் எடை பன்னிரண்டு பதினைந்து கிலோ வரும். உள்நாட்டு விமானத்தில் பொதுவாக அனுமதிப்பதே 15 கிலோ. துணிமணியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

மாஸ்க் மட்டும் விதிவிலக்கு. அதை வாங்கிவிடுங்கள், 3,000 முதல் 6,000 ரூபாய். முகத்துக்கு முகம் பொருத்தம் மாறும், வாடகை மாஸ்க் ஒழுகினால் முழு டைவும் மாஸ்க்கோடு போராடியே கழியும். கடைக்கு நேரில் போங்கள். பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுடையது. விலை உயர்ந்தது விழுந்து, மலிவானது நிற்பதும் உண்டு. மீசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மூக்கின் அடியில் மெல்லிய கோடு அளவுக்கு மழித்துக்கொண்டால் ஒழுகுவது வெகுவாகக் குறையும், மீசையை முழுவதும் தியாகம் செய்ய வேண்டியதில்லை. புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். சாதாரண வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் தடவித் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று முறை. இல்லாவிட்டால் தண்ணீருக்குள் புகை மூட்டமாகவே இருக்கும்.

உங்கள் கண்ணாடிப் பிரச்சினைக்கும் இங்கேதான் தீர்வு. இரட்டைக் கண்ணாடி வைத்த சில மாடல்களுக்குக் கிட்டப்பார்வைக்கான பவர் லென்ஸ் தயாராகவே கிடைக்கிறது, இரண்டுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய் கூடுதல். பவர் குறைவு என்றால் அதுவும் வேண்டாம். தண்ணீருக்குள் பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் சமாளித்துவிடலாம். மென்மையான கான்டாக்ட் லென்ஸோடு இறங்குபவர்களும் உண்டு, கண் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாஸ்க்குக்குப் பிறகு பணம் போட வேண்டுமானால் டைவ் கம்ப்யூட்டரில் போடுங்கள், ரெகுலேட்டரில் அல்ல. 20,000 முதல் 30,000 ரூபாய். எந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று மணிக்கட்டிலேயே காட்டும். பேடியின் அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்கலாம், 30 மீட்டரில் 20 நிமிடம்தான். கம்ப்யூட்டரும் முதல் ஆண்டிலேயே வேண்டாம். தொடர்ந்து இறங்குவீர்கள் என்று உங்களுக்கே தெரிந்த பிறகு வாங்கினால் போதும்.

ஏனென்றால், என் பார்வையில், ஸ்கூபாவின் செலவு சான்றிதழ் வாங்குவதோடு முடிவதில்லை. சான்றிதழ் அட்டைக்குக் காலாவதி இல்லை, ஆனால் கைப்பழக்கத்துக்கு இருக்கிறது. ஓராண்டு இறங்காமல் இருந்துவிட்டுப் போனால், பெரும்பாலான மையங்கள் நினைவூட்டல் பயிற்சி ஒன்றைச் செய்யச் சொல்லும், சில ஆயிரம் ரூபாய். இரண்டு டைவ் கொண்ட ஒரு காலைப் பயணம் அந்தமானில் 6,000 முதல் 8,000 ரூபாய். ஆண்டுக்கு ஒருமுறை போய் மூன்று நாள் இறங்கினாலே, பயணம் உட்பட, ஆண்டுக்கு ஐம்பதாயிரம். இந்தத் தொகையை மூன்று ஆண்டுகள் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் பயிற்சியில் சேருங்கள். முடியாது என்றால், ஐயாயிரம் ரூபாய் அறிமுக டைவை இரண்டு மூன்று இடங்களில் செய்து மகிழ்வதே மேல். அதில் குறைவொன்றும் இல்லை.

பயிற்சி முடித்த சூட்டோடு 'அட்வான்ஸ்ட்' பயிற்சியையும் எடுத்துக்கொள்ளுங்கள், தள்ளுபடி தருகிறோம் என்பார்கள். ஐந்து டைவ்கள், 30 மீட்டர் வரை அனுமதி, இருபத்தைந்தாயிரத்துக்கு மேல். ஹேவ்லாக்கில் பெயர்பெற்ற டிக்ஸன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற இடங்களை முழுமையாகப் பார்க்க இது தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் புதியவர் தண்ணீரில் மிதப்பைக் கட்டுப்படுத்தவே பத்துப் பதினைந்து டைவ் பிடிக்கும். பதற்றத்தில் காற்றையும் வேகமாகத் தீர்ப்பார். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேற்பரப்பைப்போல் மூன்று மடங்கு காற்று செலவாகிறது. ஆழத்துக்கு அவசரப்படாமல் அந்தப் பணத்தில் சாதாரண டைவ்களைச் செய்யுங்கள். ஒரே கட்டணத்துக்கு மற்றவர்கள் ஐம்பது நிமிடம் இருக்கும்போது நீங்கள் முப்பது நிமிடத்தில் மேலே வருவது முதல் ஆண்டில்தான் நடக்கும், பிறகு தானாகச் சரியாகும்.

காப்பீட்டை மறந்துவிடாதீர்கள். வழக்கமான பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும், அல்லது ஆழ வரம்பு போட்டிருப்பார்கள். சிறு எழுத்தைப் படியுங்கள். 'டான்' போன்ற, டைவர்களுக்கென்றே உள்ள அமைப்புகளில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. நைட்ரஜன் குமிழ்களுக்கான அழுத்த அறைச் சிகிச்சையும் அவசர விமானமும் தேவைப்பட்டால் பல லட்சம் ஆகும் என்பதால் இதில் கஞ்சத்தனம் கூடாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன்: இப்போதிருந்து நீச்சல், மருத்துவப் படிவம், மாஸ்க். பிப்ரவரி அல்லது மார்ச்சில் ஹேவ்லாக்; கையில் ஐம்பதாயிரத்துக்கு மேல் இல்லை என்றால் அதே மாதங்களில் புதுச்சேரி. அந்தமான் என்றால் விமான டிக்கெட்டை நவம்பரிலேயே எடுத்துவிடுங்கள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களின் பக்கம் போகவே வேண்டாம். திரும்பும் டிக்கெட் எடுக்கும்போது மட்டும் மையத்தைக் கேட்டுவிட்டு எடுங்கள். கடைசி டைவ் நடக்க வேண்டிய நாளுக்கு மறுநாள் காலையிலேயே விமானத்தைப் போட்டுவிட்டால், நான்காவது டைவை அவர்கள் தராமல் போகலாம், சான்றிதழும் பாதியில் நிற்கும்.